புதுப்பிப்பு: ஆடியில் வைத்த பூச்செடிக் குச்சிகள்

செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ மூன்றையும் குச்சியில் வளர்க்க முடியுமா என்று ஆடி மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்காக இந்த நிலவரம்.

செம்பருத்தி வேர் பிடித்துவிட்டது. பென்சில் பருமனில், பச்சையும் பழுப்புமாக இருந்த நடுத்தண்டுகளே தேறின. இளம்பச்சை நுனிகள் அழுகிவிட்டன. ஒற்றைச் செம்பருத்தியை விட அடுக்குச் செம்பருத்தி தாமதம்தான். நந்தியாவட்டைக்கு வெட்டுவாயில் பால் வடிந்து உலரும்வரை நிழலில் போட்டுவிட்டு நட்டேன்; அதுவும் துளிர்த்திருக்கிறது.

ஆனால் துளிரை நம்பாதீர்கள். தண்டில் சேமித்த உணவைக் கொண்டே இலை வந்துவிடும், கீழே வேர் இருக்காது. குச்சியை மெல்ல இழுத்தால் மண் பிடித்து நிறுத்த வேண்டும், அதுதான் சாட்சி.

இட்லிப்பூ இன்னும் அடம்பிடிக்கிறது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன்: வெட்டுவாயில் வெண்மையான தடிப்பு, வேர் இல்லை. தடிப்பு வந்தால் நல்ல அறிகுறி என்பதால், தென்னை நார்க்கழிவும் மணலும் கலந்த தொட்டியிலேயே திரும்பச் செருகி, பிளாஸ்டிக் உறையால் மூடி வைத்திருக்கிறேன். வேர் விடத் தூண்டும் வேர்த்தூளைத் தொட்டு நட்டும் இந்தக் கதி! கிளையை வெட்டாமல் தாய்ச்செடியிலேயே வேர் விடவைக்கும் பதியமே போட்டிருக்கலாம் என்று மாமியார் சொல்கிறார். அடுத்து அதையும் பார்க்கிறேன்.