புதுப்பிப்பு: பவர்லைன் அடாப்டர், மாடி அறைக்கு நெட் வந்துவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேன்: தண்டையார்பேட்டையில் பழைய வீடு, ஒன்றரை அடி கனத்துக்குச் சுவர், கூடத்து ரவுட்டரின் வைஃபை மாடிக்கு எட்டவே இல்லை, பவர்லைன் அடாப்டர் (ஒன்றை ரவுட்டர் பக்கத்திலும் இன்னொன்றை மாடியிலும் பிளக்கில் செருகினால், வீட்டு மின் வயர் வழியாகவே நெட்டைக் கொண்டுபோகும் ஜோடிக் கருவி) போட்டால் சரியாகுமா என்று. வாங்கிப் போட்டேன். முதல் வாரம் வெறுத்தே போச்சு. பெட்டியில் 600 மெகாபிட் என்று போட்டிருக்கிறது, மாடியில் வந்தது 9, அதுவும் விட்டு விட்டு.

ஒரு தப்பு என்னுடையது. கீழ் அடாப்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருந்தேன், அதிலிருக்கும் சர்ஜ் ப்ரொடெக்டர் (மின்சாரம் திடீரென எகிறினால் தடுக்கும் பாகம்) சிக்னலை விழுங்கிவிடும், நேரே சுவர் பிளக்கில்தான் போட வேண்டும். அப்படி மாற்றியும் 20தான். அப்புறம் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து டிபி பாக்ஸை (வீட்டு மின்சாரம் பிரிந்து போகும் பெட்டி) திறந்து காட்டினார்: எங்களுக்கு மூன்று ஃபேஸ் (மூன்று தனித்தனி மின் லைன்) கனெக்‌ஷன், கூடம் சிவப்பு வயரில், மாடி அறை நீல வயரில். இரண்டு அடாப்டரும் ஒரே ஃபேஸில் இருந்தால்தான் சிக்னல் நன்றாகப் போகும். லோடு பார்த்துவிட்டு மாடி லைனைச் சிவப்புக்கு மாற்றிக் கொடுத்தார்.

இப்போது 70க்குக் குறைவதில்லை. அம்மா மிக்சி போட்டால் மட்டும் 40க்கு இறங்கும், நிறுத்தியதும் ஏறிவிடும். தங்கையின் ஆன்லைன் வகுப்பு மூன்று நாளாக ஒருமுறைகூட நிற்கவில்லை, எனக்கு அவ்வளவு நிம்மதி.

டிபி பாக்ஸில் மட்டும் நீங்களே கை வைக்காதீர்கள்.