அம்மம்மாவோடு பார்க்க அமைதியான படங்கள் சொல்லுங்கள்

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி வேண்டும். நாங்கள் திருகோணமலை, உவர்மலைப் பக்கம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மம்மாவும் நானும் சேர்ந்துதான் படம் பார்ப்போம், வெட்டுக்குத்தும் காதைப் பிளக்கும் சத்தமும் இரண்டு பேருக்கும் ஆகாது.

எங்களுக்கு ஆகப் பிடித்தது பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988). அவர் நம்முடைய மட்டக்களப்பில் பிறந்தவர் என்பதற்காகச் சொல்லவில்லை. பாட்டே கிடையாது, கடன்பட்டு ஒரு சின்ன வீடு கட்ட அர்ச்சனா படும் பாடுதான் முழுக் கதையும், ஆனால் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டிய வீட்டைத் தனியாகப் போய்ச் சுற்றிப் பார்க்கிற இடத்தில் அம்மம்மா ஒவ்வொரு முறையும் அழுதுவிடுவார். மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) அதற்கு அடுத்தது. தொடர் என்றால் ‘மர்மதேசம்’. வருடக்கணக்கில் இழுக்கிற நாடகங்களை விட்டுவிட்டோம், ஒரே அழுகையைக் கிழமைக்கணக்கில் காட்டுகிறார்கள்.

இந்த மாதிரிப் படங்கள், சீக்கிரம் முடிகிற தொடர்கள் தெரிந்தால் எழுதுங்கள். மலையாளமோ சிங்களமோ பரவாயில்லை, கீழே தமிழ் எழுத்து பெரிதாக ஓடினால் சரி, அம்மம்மாவால் வேகமாக வாசிக்க முடியாது. அப்புறம், தர்மசேன பத்திராஜ தமிழில் எடுத்த ‘பொன்மணி’ (1977), பாலு மகேந்திரா சிறுகதைகளைப் படமாக்கிய ‘கதைநேரம்’ இரண்டையும் தெளிவான பிரதியில், முறையாக, எங்கே பார்க்கலாம்? காசு கட்ட வேண்டுமென்றாலும் கட்டுவோம்.