1999 எம்எக்ஸ்-5: ரெவ் லிமிட்டை 8000-க்கு ஏற்றலாமா?

மலைவளைவு:
வணக்கம். என்னிடம் இருப்பது 1999 மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 லிட்டர் பிபி-4டபிள்யூ இன்ஜின், ஐந்து கியர். நாலு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில் பாடி போட்டாச்சு, இரண்டு கேம்ஷாஃப்டும் மாற்றியாச்சு, பழைய ஈசியூவை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எடுத்துவிட்டு வெளி ஈசியூ வைத்திருக்கிறேன். ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு), பிஸ்டன், ஆயில் பம்ப், வால்வ் ஸ்பிரிங் எல்லாம் கம்பெனியில் வந்தவையே.

இப்போது ரெவ் லிமிட், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று வரை போகலாம் என்ற எல்லை, 7200. டிராக்கில் இரண்டு வளைவுகளுக்கு நடுவே மூன்றாம் கியரில் லிமிட்டரில் முட்டிக்கொள்கிறது. நாலாவதுக்கு மாற்றிய கையோடு பிரேக் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஈசியூவில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் 8000. மாற்றலாமா?

டைனோவில் (பவர் அளக்கும் கருவி) சக்கரத்தில் வந்த பவர்: 5000-ல் 96, 5400-ல் 105, 6000-ல் 119, 6800-ல் 128, 7200-ல் 125.

சிவப்புமுள்:
தாராளமா ஏத்துங்க ப்ரோ. ஹோண்டா எஸ்2000 கம்பெனியிலேர்ந்து வரும்போதே 9000 போகுது. அதுவும் நாலு சிலிண்டர்தானே.

மூன்றாம்கியர்:
நண்பரே, அவசரப்பட வேண்டாம். இதே இன்ஜின் ஒன்றை நானே கொன்றிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் எஸ்2000. அந்த இன்ஜின் 9000-க்கென்றே வரைந்து செய்தது, ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம்) 84 மில்லிமீட்டர். 2004-ல் வட அமெரிக்காவுக்கு ஸ்ட்ரோக்கை 90.7-ஆக நீட்டி 2.2 லிட்டர் ஆக்கியபோது, அதே ஹோண்டா லிமிட்டை 8000-க்கு இறக்கிவிட்டது. உங்களுடையது 85 மில்லிமீட்டர். பிஸ்டனின் சராசரி வேகத்தை மட்டும் பார்த்தால் 8000-ல் நொடிக்கு 22.7 மீட்டர்தான் வரும், எஸ்2000 9000-ல் 25 மீட்டரைத் தாண்டுகிறது. ஆக ஸ்ட்ரோக் உங்களைத் தடுக்கவில்லை. அந்த வேகத்துக்கென்று செய்யப்படாத பாகங்கள்தான் தடுக்கின்றன.

ராடின் மேல் விழும் இழுவிசை ஆர்பிஎம்மின் (நிமிடச் சுற்றுகளின்) வர்க்கத்தோடு ஏறும். 7200-லிருந்து 8000 என்பது ஆர்பிஎம்மில் 11 சதவீதம், விசையில் 23 சதவீதம். இந்த இன்ஜினின் ராட் நீளம் 133 மில்லிமீட்டர். அதை வைத்துக் கணக்குப் போட்டால், மேல்முனையில் பிஸ்டனின் முடுக்கம் 7200-ல் புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 3250 மடங்கு, 8000-ல் 4000 மடங்கு. கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் மேலே இருக்கும் வாயு அழுத்தம் பிஸ்டனைத் தாங்கிப் பிடிக்கும். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிவில் தாங்க எதுவுமே இல்லை, முழுப் பாரமும் இரண்டு ராட் போல்டில். இன்ஜின் உயர் ரெவ்வில் உடையும்போது அநேகமாக அங்கேதான் உடைகிறது.

ஆனால் உங்கள் இன்ஜினில் ராடுக்கு முன்னால் போவது ஆயில் பம்ப். பம்பின் உள் கியர் கிராங்க் ஷாஃப்டின் (பிஸ்டன்கள் சுற்றும் முக்கியத் தண்டு) முன்முனையில் நேரடியாக உட்கார்ந்திருக்கிறது. பவுடர் உலோகத்தை அழுத்திச் சுட்டுச் செய்த கியர் அது. உயர் ரெவ்வில் கிராங்க் முறுக்கிமுறுக்கி அதிரும், அந்த அதிர்வு முழுவதும் அந்தக் கியருக்குத்தான் போகும். லிமிட்டரில் தட்டிக்கொண்டே நிற்பது அதைவிட மோசம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 7800 வைத்தேன். மூன்று டிராக் நாள் ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பிவிட்டேன். நாலாவது நாள், நேர்ப்பாதை முடிவில் ஓரிரு நொடி லிமிட்டரில் நின்றேன், அவ்வளவுதான். அடுத்த வளைவிலிருந்து வெளியே வரும்போது அடியில் தட்டும் சத்தம். டாஷ்போர்டில் ஆயில் முள் நடுவிலேயே நின்றது, ஏனென்றால் இந்தக் கார்களில் அந்த முள் வெறும் சுவிட்ச் மாதிரி. கொஞ்சம் அழுத்தம் இருந்தாலே நடுவில் நிற்கும், அளவைக் காட்டாது. பிரித்துப் பார்த்தபோது உள் கியர் மூன்று துண்டு, இரண்டு பேரிங் கிராங்கோடு ஒட்டிக் கிடந்தன. அந்தக் கிராங்கை இன்னமும் தூக்கிப்போட மனசு வரவில்லை.

ஆகவே எண்ணைத் தொடுவதற்கு முன்னால் கட்டி எஃகில் வெட்டிய பம்ப் கியர் போடுங்கள். ரப்பர் டேம்பரைக் கழற்றிவிட்டு லேசான அலுமினிய புல்லி மாட்டும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள், கிராங்க் அதிர்வை அடக்குவது அந்த ரப்பர்தான். உண்மையான ஆயில் பிரஷர் சென்சார் ஒன்றை ஈசியூவோடு இணைத்து, அழுத்தம் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும்படி வையுங்கள். வால்வ் ஸ்பிரிங்கும் மாற்றியாக வேண்டும். உங்கள் கேமின் லிஃப்ட் (வால்வைத் திறக்கும் உயரம்) கூடியிருந்தால் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டாமல் இடைவெளி இருக்கிறதா என்று அளந்து பார்த்துப் போடுங்கள். (1994 முதல் 1997 வரையிலான 1.8 வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முயல வேண்டாம். அதில் ஹைட்ராலிக் லிஃப்டர், கதையே வேறு.)

இனி, 8000 தேவையா? பவர் உச்சத்தைத் தொட்டதும் கியர் மாற்ற வேண்டும் என்று பலர் சொல்வார்கள், அது தவறு. ஒரே வேகத்தில் எந்தக் கியரில் பவர் அதிகமோ அந்தக் கியரில் இருக்க வேண்டும். உங்கள் இரண்டாம் கியர் 1.888, மூன்றாவது 1.330, நாலாவது 1.000. 7200-ல் மூன்றிலிருந்து நாலுக்குப் போனால் 5400-ல் விழுகிறீர்கள்: 125-ஐ விட்டுவிட்டு 105-க்குப் போகிறீர்கள். நஷ்டம்தான், உங்கள் எரிச்சல் நியாயம். 7600-ல் மாற்றினால் விழுவது 5700-ல், அங்கே 112 இருக்கும். உங்கள் கிராஃப் போகும் போக்கில் 7600-ல் 117 வரலாம், அதுவரை பிடிப்பது லாபம். 8000-ல் 105-க்கு இறங்கியிருக்கும், நாலாம் கியரிலோ 6000-ல் 119 காத்திருக்கும். கடைசி 400 உங்களை மெதுவாக்கும்.

7600 வையுங்கள். விசை 23 அல்ல, 11 சதவீதம்தான் கூடும். மூன்றாம் கியரில் வேகம் ஐந்தரை சதவீதம் கூடும், உங்கள் வளைவுக்கு அது போதுமா என்று பாருங்கள்.

கிளட்ச்மிதி:
மேலே சொன்னதோடு ஒன்று. லிமிட்டர் முடுக்கும்போது மட்டும்தான் காப்பாற்றும். மூன்றிலிருந்து நாலுக்கு இழுக்கும்போது கை இடப்பக்கம் சாய்ந்து இரண்டில் விழுந்தால், 7600 என்பது 10,800 ஆகிவிடும். சக்கரமே இன்ஜினைச் சுற்றும், ஈசியூவால் ஒன்றும் செய்ய முடியாது. லிமிட்டை ஏற்றினால் இந்தத் தவறின் விலையும் ஏறும். கியர் லிவர் புஷ்ஷைப் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

மலைவளைவு:
ரொம்ப நன்றி அண்ணா. கியர், ஸ்பிரிங், சென்சார் மூன்றும் போட்ட பிறகுதான் தொடுவேன், அதுவரை 7200. லிமிட்டரில் பெட்ரோலை வெட்டுவதா, ஸ்பார்க்கை வெட்டுவதா? இன்ஜெக்டர் பழையதே போதுமா?

மூன்றாம்கியர்:
கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருந்தால் ஸ்பார்க்கை வெட்டவே கூடாது, எரியாத பெட்ரோல் உள்ளே போய் அதைச் சுட்டுவிடும். பெட்ரோலை வெட்டுங்கள். அதற்கு 200 ஆர்பிஎம் முன்னாலேயே ஸ்பார்க் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து மென்மையாக்குங்கள், சுவரில் முட்டியது போல் இருக்காது. 7400-ல் ஷிஃப்ட் லைட் ஒன்று வைத்தால் லிமிட்டரைத் தொடவே வேண்டியிருக்காது.

இன்ஜெக்டருக்கு 7200-ல் ஒரு சுழற்சிக்கு 16.7 மில்லிசெகண்ட் கிடைக்கிறது, 7600-ல் 15.8. ஈசியூ பதிவில் (லாக்) இப்போதே டியூட்டி, அதாவது அந்த நேரத்தில் இன்ஜெக்டர் திறந்திருக்கும் பங்கு, 85 சதவீதத்தைத் தொட்டிருந்தால் பெரிய இன்ஜெக்டர் வேண்டும். ஸ்பிரிங் மாற்றியதும் திரும்ப டைனோ ஏறி, 7600 வரை இழுத்து கிராஃபை இங்கே போடுங்கள். 7200-க்கு மேல் நான் சொன்னதெல்லாம் கோட்டை நீட்டிப் பார்த்த கணக்கு. கோடு நடுங்கினால் வால்வ் மிதக்கிறது, அதாவது ஸ்பிரிங்கால் அதை நேரத்துக்கு மூட முடியவில்லை என்று அர்த்தம், உடனே காலை எடுங்கள்.