ஏழு மாத ஜெர்மன் ஷெப்பர்டு: காயடிப்பதா, கண்காட்சிக்குக் கொண்டுபோவதா?

செம்பனைக்காடு (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஏழு மாத ஆண் ஜெர்மன் ஷெப்பர்டு ஒன்று வளர்கிறது. தோட்டத்து லயத்தை விட்டு வெளியேறிப் பட்டணத்தின் ஓரத்தில் வீடு கட்டிய பிறகு, கிள்ளானில் ஒரு வளர்ப்பாளரிடம் வம்சாவளிச் சான்றிதழுடன் வாங்கினோம். அண்மையில் தடுப்பூசிக்குக் கொண்டுசென்றபோது, அடுத்த மாதமே காயடித்துவிடும்படி சொன்னார்கள். அதே வாரத்தில் வீட்டுக்கு வந்த என் மாமனாரின் நண்பர், நாயின் நிற்கும் அழகைப் பார்த்துவிட்டு, காயடித்த ஆண் நாயைக் கண்காட்சியில் நிறுத்த முடியாது, பொறுத்திருங்கள் என்றார். நான் இதுவரை ஒரு கண்காட்சியையும் நேரில் கண்டதில்லை. தோட்டப்புறத்துப் பட்டணத்தில் இருப்பவர்களுக்கு இது ஏற்ற காரியம்தானா? ஏற்றதென்றால் எதிலிருந்து தொடங்க வேண்டும்? அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பழைய கிராணி (பீடோர்)

தம்பி, உங்கள் மாமனாரின் நண்பர் சொன்னது உண்மை. மலேசியக் கென்னல் சங்கம் எஃப்.சி.ஐ. என்னும் உலகக் கூட்டமைப்பின் உறுப்பு; 1911இல் தொடங்கப்பட்டுப் பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தக் கூட்டமைப்பு வெளியிடும் இன வரையறை (ஓர் இன நாய் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ஏடு) எதை எடுத்துப் பார்த்தாலும், ஆண் நாய்க்கு இரண்டு விதைகளும் இயல்பாக, முழுமையாக இறங்கியிருக்க வேண்டும் என்ற குறிப்பு இறுதியில் இருக்கும். கண்காட்சி என்பது அலங்காரப் போட்டி போலத் தோன்றினாலும், அடுத்த தலைமுறையை ஈனத் தகுந்த நாய் எது என்று தேர்ந்தெடுப்பதற்காகவே அது ஏற்பட்டது. காயடித்த நாய் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் கேள்விக்கு அதனிடம் விடை இல்லை.

தொடங்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் சான்றிதழ் உங்கள் பெயருக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; வளர்ப்பாளரின் பெயரிலேயே கிடந்தால் விண்ணப்பம் நிரப்பும்போது சிக்கல் வரும். நாயின் உடலில் உள்ள மைக்ரோசிப் எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். அடுத்து, நாயை வீட்டில் விட்டுவிட்டு ஒரு கண்காட்சிக்குச் சென்று, காலை முதல் மாலை வரை உங்கள் நாயின் இனத்துக்குரிய ரிங்கின் (நடுவர் முன் நாய்களை ஓட்டிக் காட்டும் களத்தின்) ஓரத்திலேயே அமர்ந்திருங்கள். எந்த நாய்க்கு நடுவர் என்ன தரம் தந்தார் என்பதை விலைக்குக் கிடைக்கும் கையேட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். அன்று கற்பது, ஓராண்டு யூடியூப் பார்த்தாலும் வராது. உங்கள் நாய் இப்போது 6 முதல் 9 மாதத்துக்கான குட்டிப் பிரிவில் இருக்கிறது. அதன் பிறகு 9 முதல் 18 மாதம் வரை இளையோர் பிரிவு. எனவே அவசரம் எதுவும் இல்லை. கத்தியை எடுப்பதற்குத்தான் அவசரப்படுகிறார்கள்.

மருந்தக அக்கா (கோலகங்சார்)

கடைசி வரியை நான் ஏற்கவில்லை, ஐயா. கால்நடை மருந்தகத்தில் வேலை செய்பவள் என்ற முறையில், கத்தியை எடுக்காததால் வரும் விளைவுகளைத்தான் நான் மேசையின் மீது பார்க்கிறேன். கோலாலம்பூரில் மதில் சுவருக்குள் வளரும் நாயும் நம் பட்டணத்து நாயும் ஒன்றல்ல. இங்கே வேலிக்கு அப்பால் செம்பனைத் தோட்டம்; தோட்டத்துக்குள் கேட்பாரற்ற நாய்கள். பருவத்துக்கு வந்த பெட்டை நாயின் வாசம் காற்றில் வந்துவிட்டால், காயடிக்காத ஆண் நாய் வேலிக்கு அடியில் மண்ணைத் தோண்டியாவது வெளியேறும். பிறகு லாரி போகும் சாலை, நாய்ச் சண்டை, உண்ணிக் காய்ச்சல், அந்த உறவில் பிறந்து யாரும் எடுத்து வளர்க்காத குட்டிகள் என்று வரிசையாக வரும். அறிவுரை சொன்னவர்கள் இதையெல்லாம் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

இரண்டாவது மறுப்பு கண்காட்சியைப் பற்றியது. தகுந்த நாயைத் தேர்ந்தெடுக்கும் இடம் என்கிறீர்கள். 2016ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் இதே இனத்தில் முதலிடம் பெற்ற நாய், முதுகு சரிந்து, பின்னங்கால்கள் தடுமாற நடந்ததைக் கண்டு பொதுமக்கள் கொதித்துப்போனார்கள். அதற்கு முன்பே, வம்சாவளி நாய்களின் உடல்நலம் குறித்து எழுந்த கண்டனத்தால் பிபிசி 2009இலிருந்து அந்தக் கண்காட்சியை ஒளிபரப்புவதை விட்டுவிட்டது. 2012இல் சில இனங்களின் வெற்றியாளர்களைக் கால்நடை மருத்துவர்கள் தனியே சோதித்தபோது, பெக்கிங்கீஸும் புல்டாக்கும் தேறவில்லை. நடுவர் சிறந்தது என்று கைகாட்டிய நாயை மருத்துவர் தகுதியற்றது என்று சொல்கிறார் என்றால், அந்தத் தேர்வை நம்பி ஏன் ஒரு நாயைக் காயடிக்காமல் வைத்திருக்க வேண்டும்?

பழைய கிராணி

அம்மா, கிரஃப்ட்ஸில் நடந்ததை மறுக்கவில்லை. ஆனால் குற்றத்தை யார் மேல் போடுவது என்பதைப் பார்க்க வேண்டும். ஜெர்மன் ஷெப்பர்டின் எஃப்.சி.ஐ. வரையறை 166ஆம் எண். உடலின் நீளம் தோள் உயரத்தை விட 10 முதல் 17 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும், இடுப்புப் பகுதி கிடைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 23 பாகை மட்டுமே சரிந்திருக்க வேண்டும், ஆண் நாய் 60 முதல் 65 சென்டிமீட்டர் உயரமும் 30 முதல் 40 கிலோ எடையும் கொண்டிருக்க வேண்டும் என்று அது அளந்து சொல்கிறது. தவளை போல உட்கார்ந்து நடக்கும் நாயை அந்த ஏடு கேட்கவே இல்லை. 1899இல் ஜெர்மானியரான மேக்ஸ் வான் ஸ்டெஃபானிட்ஸ் இந்த இனத்துக்கான சங்கத்தைத் தொடங்கியபோது, நாள் முழுவதும் மந்தையைச் சுற்றி ஓடக்கூடிய வேலை நாயைத்தான் மனத்தில் வைத்திருந்தார். வரையறையை மீறிப் பரிசு கொடுத்த நடுவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். அதற்காக வரையறையையே படிக்காமல், அப்பனும் ஆத்தாளும் யாரென்று தெரியாத இணைசேர்ப்பில் பிறந்த குட்டியை வாங்குவதுதான் நல்லது என்று ஆகிவிடாது.

காயடிக்கும் வயதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் ஷெப்பர்டுகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காயடிக்காத ஆண் நாய்களில் 7 விழுக்காட்டுக்கு மூட்டுக் கோளாறு இருந்தது. ஒரு வயதுக்கு முன்பே காயடிக்கப்பட்டவற்றில் அது 21 விழுக்காடு. முழங்கால் தசைநார் கிழிதல் அவற்றில் முதன்மையானது. எலும்பு வளர்ச்சி நிற்பதற்கு உடலில் சுரக்கும் பாலியல் சுரப்புகளும் தேவைப்படுகின்றன. அவற்றை முன்கூட்டியே அகற்றிவிட்டால் இந்தப் பெரிய உடலின் மூட்டுகள்தான் விலை கொடுக்கின்றன. கண்காட்சிக்குப் போகிறாரோ இல்லையோ, ஏழெட்டு மாதத்தில் இந்த இனத்தைக் காயடிப்பது நல்ல ஆலோசனை அல்ல.

இராசபாளையத்தான் (பாடாங் செராய்)

இடையில் ஒரு கேள்வி. அயல் இனங்களுக்காக இவ்வளவு வாதிடுகிறோம். நம் இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கு இங்கே ரிங்கில் இடம் இல்லையா? இந்திய அஞ்சல் துறை 2005இல் இராசபாளையத்துக்கு அஞ்சல் தலையே வெளியிட்டிருக்கிறதே.

பழைய கிராணி

எஃப்.சி.ஐ. இராசபாளையத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப் அதைத் தன் ஏட்டில் பதிந்து தன் கண்காட்சிகளில் நிறுத்துகிறது. நம் நாட்டு ஒராங் அஸ்லி மக்கள் வளர்த்த தெலோமியன் நாய்க்கும் எஃப்.சி.ஐ. அங்கீகாரம் இல்லை. இதைப் பற்றி நிறையப் பேசலாம், ஆனால் தம்பியின் நாய் ஷெப்பர்டு. அதை முடித்துவிட்டு வருவோம்.

மருந்தக அக்கா

டேவிஸ் ஆய்வு எனக்கும் தெரியும், ஐயா. ஒரு வயது வரை பொறுப்பதற்கு நான் எதிரி அல்ல. ஏழு மாதம் முந்திவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த எண்ணிக்கை ஒரு வயது வரை காத்திருக்கச் சொல்கிறதே தவிர, வாழ்நாள் முழுவதும் அப்படியே வைத்திருக்கச் சொல்லவில்லை. நீங்கள் ஒரு காரணத்தைக் காட்டி இரண்டு முடிவுகளைத் தள்ளிக்கொண்டு போகிறீர்கள். பட்டத்தின் கணக்கைப் பாருங்கள். பன்னாட்டு அழகு வெற்றியாளர் பட்டத்துக்கான சி.ஏ.சி.ஐ.பி. சான்றுகள் 15 மாதத்துக்குப் பிறகே கிடைக்கும். முதல் சான்றுக்கும் கடைசிச் சான்றுக்கும் இடையே ஓராண்டும் ஒரு நாளும் கடந்திருக்க வேண்டும். ஒரே நாட்டில் வாங்கியவை போதாது. ஷெப்பர்டுக்கு வேலைத்திறன் தேர்வும் கூடுதலாக வேண்டும். அப்படியானால் தாய்லாந்துக்கோ வேறெங்கோ நாயைக் கொண்டுபோக வேண்டும். நாய் மூன்று வயதைத் தொடும் வரை வேலியைக் காக்க வேண்டும். தோட்டத்து வேலைக்கும் பிள்ளைகளின் டியூஷனுக்கும் இடையில் இதற்கு யார் நேரம் ஒதுக்குவார்கள்? கிள்ளான் பள்ளத்தாக்குக்கு ஒரு முறை போவதென்றாலே 200 கிலோமீட்டருக்கு மேல்; பெட்ரோலும் டோலும் ஒருபுறம், வெயிலில் நாய் மூச்சிரைத்துத் துவண்டுபோவது மறுபுறம்.

ஈப்போ ஓட்டக்காரன்

நான் பிறருடைய நாய்களை ரிங்கில் ஓட்டுபவன். அக்கா சொல்லும் பட்டக் கணக்கு சரியானதே. ஆனால் கண்காட்சிக்குப் போகும் எல்லாரும் அந்தப் பட்டத்துக்காகப் போவதில்லை. இளையோர் பிரிவில் இரண்டு மூன்று முறை நிறுத்தி, வெவ்வேறு நடுவர்கள் தம் நாயைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் பலர். அவர்களுடைய நாய்கள் பிறகு காயடிக்கப்பட்டு வீட்டில் நிம்மதியாக வாழ்கின்றன. ஒரு வயதுக்குப் பிறகு காயடிக்கலாம் என்று அக்கா சொல்லும் காலமும், இளையோர் பிரிவு முடியும் 18 மாதமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பயிற்சியைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. தொடக்கக்காரர்கள் தோற்பது அதில்தான். ரிங்கில் நாய் எப்போதும் உங்கள் இடக்கைப் பக்கம், நடுவருக்கும் உங்களுக்கும் இடையில் ஓட வேண்டும். பாய்ச்சலாகவோ நடையாகவோ அல்லாமல், சீரான துள்ளோட்டமாக இருக்க வேண்டும். வட்டமாக ஓடச் சொல்வார்கள், முக்கோணமாக ஓடச் சொல்வார்கள், நேராகப் போய்த் திரும்பச் சொல்வார்கள். முன்பின் தெரியாத ஒருவர் உதட்டைத் தூக்கி 42 பற்களும் இருக்கின்றனவா, மேற்பல் கீழ்ப்பல்லின் மேல் கத்தரிக்கோல் போலப் பொருந்துகிறதா என்று பார்ப்பார்; விதைகளைத் தொட்டுப் பார்ப்பார். அப்போது பயந்து ஒடுங்கும் நாயும் சீறும் நாயும் அழகாக இருந்தாலும் தகுதி இழக்கும். எனவே இப்போதே வீட்டுக்கு வரும் உறவினர்கள், தபால்காரர், பக்கத்து வீட்டு ஆ சோ (சீன அக்கா) என்று யாரெல்லாம் சம்மதிக்கிறார்களோ அவர்கள் கையால் நாயைத் தொட்டுப் பழக்குங்கள். வேகவைத்த ஈரலைச் சிறு துண்டுகளாக்கிக் கையில் வைத்திருந்தால் நாய் நின்று பழகும்.

செய்யக்கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்து மண்சாலையில் நாயை மோட்டார் சைக்கிளோடு கட்டி ஓட விடும் வழக்கம் நம்மிடம் உண்டு. நெஞ்சு விரியும், தசை ஏறும் என்று காரணமும் சொல்வார்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட ஷெப்பர்டின் எலும்பு முனைகள் இன்னும் மூடியிருக்காது; காயடிப்பதால் வரும் மூட்டுக் கேட்டைப் பற்றிப் பேசிவிட்டு, இதைச் செய்தால் பொருள் இல்லை. அதேபோல் ரிங்குக்கு வெளியே நின்றுகொண்டு விசிலடித்தும் பெயர் சொல்லியும் நாயை நிமிர வைக்கும் ஆட்களைப் பார்ப்பீர்கள். ஷெப்பர்டு வட்டாரத்தில் இது பழைய நோய். விதிகள் தடுக்கின்றன, பின்பற்றாதீர்கள்.

செம்பனைக்காடு

பதில் தந்த அனைவருக்கும் நன்றி. அடுத்த மாத அறுவைச் சிகிச்சையைத் தள்ளி வைப்பது என்று நானும் மனைவியும் முடிவெடுத்துவிட்டோம். முதலில் நாயில்லாமல் ஒரு கண்காட்சிக்குப் போவேன். அக்கா சொன்ன வேலிதான் உறுத்துகிறது. பின்புறத்தில் இப்போது முள்கம்பி மட்டுமே இருக்கிறது. இன்னொன்று: செய்தி எப்படியோ பரவி, பெட்டை வைத்திருக்கும் இருவர் இணைசேர்க்கக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் குட்டியில் ஒன்று தருவதாகவும் சொல்கிறார். என்ன பதில் சொல்வது?

மருந்தக அக்கா

பார்த்தீர்களா ஐயா, நான் அஞ்சியது இதுதான். ரிங்கில் கால் வைப்பதற்கு முன்பே இணைசேர்க்கக் கேட்டு வந்துவிட்டார்கள். தம்பி, இல்லை என்று சொல்லிவிடுங்கள். பின்வேலியில் கம்பி வலையை அடித்து, அதன் அடிப்பகுதியை மண்ணுக்குள் ஓரடியாவது புதைத்துச் சிமெண்டு போடுங்கள். நகராண்மைக் கழகத்தின் நாய் உரிமத்தையும் எடுத்துவிடுங்கள்; கால்நடை சேவைத் துறையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட நாய் இனங்களின் பட்டியலில் ஷெப்பர்டும் உள்ளதால், கூடுதல் நிபந்தனை உண்டா என்று முகப்பிடத்திலேயே கேளுங்கள். 18 மாதம் முடிந்ததும் என்னிடம் கொண்டு வாருங்கள்.

பழைய கிராணி

இணைசேர்ப்பு விஷயத்தில் நான் அம்மாவின் பக்கம். ஒரு வயது நிறைந்த பிறகு இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்து, எஃப்.சி.ஐ.யின் ஏ முதல் ஈ வரையிலான தரத்தில் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். இரண்டு நடுவர்களாவது உயர்ந்த தரம் தந்திருக்க வேண்டும். பெட்டைக்கும் இவை அனைத்தும் இருக்க வேண்டும். இதை அந்த இருவரிடமும் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அவர்களே திரும்பிப் போய்விடுவார்கள். எக்ஸ்ரே நன்றாக வந்து, நடுவர்களும் மெச்சினால், 18 மாதத்தில் காயடிக்கும் பேச்சை நான் மறுபடியும் எதிர்ப்பேன் என்பதை இப்போதே பதிவு செய்கிறேன்.

மருந்தக அக்கா

எதிர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. எக்ஸ்ரே படத்தை இங்கே போடும்போது பேசுவோம். தம்பி, அதற்கு முன் வேலியின் படத்தைப் போடுங்கள்.