தோட்டத்துக்கும் வெல்டிங்குக்கும் ஒரே தோல் கிளவுஸ் போதுமா?

கேள்வி:
வீட்டில் காகிதப்பூவும் எலுமிச்சையும் காடாக வளர்ந்து கிடக்கின்றன, வெட்டப் போனால் ரப்பர் பூசிய துணிக் கிளவுஸைத் துளைத்துக்கொண்டு முள் நேராக விரலில் ஏறுகிறது. அவ்வப்போது கேட், கிரில் என்று ஆர்க் வெல்டிங்கும் செய்வேன். நீளமான தோல் கிளவுஸ் ஒன்றையே இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாமா?

பதில் 1:
முள்ளுக்குத் தாராளமாகத் தாங்கும் அண்ணா. ஆனால் தோட்டத்து ஈரத்தில் ஊறியதை அப்படியே வெல்டிங்குக்குப் போடாதீர்கள். ஈரத்தோல் மின்சாரத்தைக் கடத்தும், ராடு மாற்றும்போது ஷாக் அடிக்கும். இரண்டு ஜோடி வாங்கிவிடுங்கள்.

பதில் 2:
தையலைப் பாருங்க. சூட்டில் உருகாத கெவ்லார் நூல் என்றால் சரி, சாதா நைலான் நூல் பொறி பட்டு உருகி விரலிடுக்கில் பிரிந்துவிடும். வெல்டிங் கிளவுஸுக்கான ஐரோப்பியத் தர எண் இ.என். 12477 என்று போட்டிருந்தால் ஏ வகை எடுங்கள், கனமானது, ஆர்க்குக்கு அதுதான். பி வகை மெல்லியது, நுணுக்கமாகக் கை அசைய வேண்டிய டிக் (TIG) வெல்டிங்குக்கு.

கேட்டவர்:
நன்றி தம்பிகளா. அதைப் போட்டுக்கொண்டே டிரில் பிடிக்கலாமா?

பதில் 1:
வேண்டவே வேண்டாம், சுழலும் பிட் கிளவுஸோடு விரலையும் இழுத்துவிடும். அப்புறம், சூடான இரும்பை இடுக்கியால் எடுங்கள். கிளவுஸ் போட்ட கையால் எடுத்தால் கிளவுஸின் தோல் சுருங்கி விறைத்துவிடும்.