ஜெர்மன் பி.ஏ. சேரவா, பி.காம்.மோட சேர்த்துப் படிக்கவா?

வேளிமலை
தக்கலையில இருந்து கேக்கேன். +2 காமர்ஸ் குரூப், பரீட்சை எழுதப்போறேன். வெளிநாட்டு மொழி ஒண்ணை முக்கியப் பாடமா எடுக்கணும்னு ஆசை. ஜெர்மனா ஜப்பானிய மொழியான்னு முடிவாகல. இதுவரை எதுவும் படிச்சதில்ல. வீட்டுல "பி.காம். சேரு, மொழியெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்"னு சொல்லுதாவ. வளைகுடாவுல இருக்கிற சித்தப்பா அரபி படிக்கச் சொல்லுதாரு. பி.ஏ.வே மொழியில எடுத்தா வேலை உண்டுமா?

ஒழுகினசேரி
தங்கச்சி, முதல்ல எந்த வேலைன்னு முடிவு பண்ணு, மொழி அதுக்கப்புறம். பட்டம் கேட்கிற வேலை வேற, லெவல் கேட்கிற வேலை வேற. சிபிஎஸ்இ பள்ளியில ஜெர்மன் டீச்சர் ஆகணும்னா மொழியில பட்டமும் பி.எட்.டும் வேணும். கல்லூரிக்கு எம்.ஏ.வும் நெட்டும் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு). இந்த ரெண்டுக்கும் மொழியிலேயே பி.ஏ. எடுக்கிறது நேர்வழி. சென்னை, பெங்களூரு கம்பெனிகள்ல ஜெர்மனி வாடிக்கையாளரோட இன்வாய்ஸ், வசூல் பார்க்கிற வேலைக்கு முதல் கேள்வி "பி2 இருக்கா?" (ஏ1ல தொடங்கி சி2 வரை போகிற ஆறு மொழி லெவல்ல நாலாவது), ரெண்டாவது "கணக்கு தெரியுமா?" காமர்ஸ் பிள்ளைக்கு பி.காம்.மும் பி2வும் சேர்ந்தா, வெறும் மொழிப் பட்டத்தைவிட பலம்னு உறுதியா சொல்லுவேன்.

பி2க்கு 45 நிமிஷ வகுப்பு 600 முதல் 800 வரை ஆகும். வாரத்துக்கு 6 வகுப்புன்னு வச்சா ரெண்டு வருஷத்துல இருந்து ரெண்டரை வருஷம். பி.காம். முதல் செமஸ்டர்லயே தொடங்கினா மூணாம் வருஷக் கடைசியில சான்றிதழ் கையில இருக்கும். "பொறவு பாத்துக்கிடலாம்"ங்கிறதுதான் தப்பு. ஏ2வோட நிறுத்திடுறதும் அப்படியே. அந்த லெவலை வச்சு வேலை கிடைக்காது, ஆறு மாசத்துல மறந்தும் போகும்.

பி.ஏ.தான் வேணும்னா டெல்லி ஜே.என்.யூ., ஹைதராபாத் இஃப்லூன்னு ரெண்டு மத்தியப் பல்கலைக்கழகத்தையும் பாரு. அரிச்சுவடியில இருந்தே சொல்லித் தருவாங்க. அதுக்கு க்யூட்ங்கிற பொது நுழைவுத் தேர்வு எழுதணும். விண்ணப்பத்துல பேப்பர் தேர்ந்தெடுக்கிறதுக்கு முன்னால, அந்தப் படிப்புக்கு எந்தெந்த பேப்பர் கேட்டிருக்காங்கன்னு பல்கலைக்கழகத்தோட அறிவிப்பிலேயே பாத்துக்கோ. பேப்பர் மாறிப்போனா எவ்வளவு மார்க் வாங்கினாலும் அந்தப் படிப்புக்குத் தகுதி இல்லாம போயிடும்.

ஜெர்மன் தொடங்கினா முதல் நாள்ல இருந்து ஒரு பழக்கம்: பெயர்ச்சொல்லைத் தனியா மனப்பாடம் பண்ணாதே, அதோட பால் காட்டுற முன்சொல்லையும் (டேர், டீ, டாஸ்) சேர்த்துப் படி. மேஜை "டிஷ்" இல்ல, "டேர் டிஷ்". விளக்கு "டீ லாம்பெ". புத்தகம் "டாஸ் பூஹ்". நாம ஆளைப் பாத்து உயர்திணை, அஃறிணை சொல்லுவோம். அங்க அந்தக் கணக்கு எடுபடாது. சின்னப்பொண்ணு "டாஸ் மேட்ஹென்", ஏன்னா கடைசியில "ஹென்" விகுதி வந்தா எப்பவும் "டாஸ்"தான். இதை விட்டுட்டா ஏ1லயே வேற்றுமை வரத் தொடங்கும்போது எல்லாம் சேர்ந்து குழம்பும். தலையில ரெண்டு புள்ளி வச்ச ஜெர்மன் "ü" எழுத்துக்கு, உதட்டை "உ"வுக்குக் குவிக்கிற மாதிரியே வச்சுக்கிட்டு உள்ளே "இ" சொல்லிப் பாரு, வந்துடும்.

பேச்சிப்பாறை
ஜப்பானிய மொழியைத் தள்ளிடாதே மக்கா. தமிழ்க்காரங்களுக்கு அதோட வாக்கிய அமைப்பு பழகின பாதை. "வதாஷி வா ஹோன் ஓ யோமிமாஸ்": நான், புத்தகத்தை, வாசிக்கிறேன். அதே வரிசை. நம்ம "ஐ" உருபு நிற்கிற இடத்துல அங்க "ஓ". வினை கடைசியில.

கஷ்டம் எழுத்துல. ஜே.எல்.பி.டி.ங்கிற ஜப்பானிய மொழித் தேர்வுல என்5 அடிமட்டம், என்1 உச்சம். என்5க்கு சுமார் 100 காஞ்ஜி (சீன எழுத்து), என்3க்கு 650, என்2க்கு 1000 பக்கத்துல வரும். ஒரு நாளைக்கு 3 எழுத்து கையால எழுதிப் பழகினா வருஷத்துக்கு ஆயிரம்னு கணக்கு வரும். பழசைத் திரும்பப் பார்க்கிற நாளையும் சேர்த்தா அதுல பாதிதான் நிற்கும். ஜே.எல்.பி.டி. தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும், சென்னையில மையம் உண்டு. அந்தத் தேர்வுல பேச்சு கிடையாது. அதனால என்3 முடிச்சும் நேர்காணல்ல வாய் திறக்க முடியாதவங்க நிறைய. பேசிப் பழக வைக்கிற ஆசிரியர் யாருன்னு விசாரிச்சுச் சேரு. கம்பெனிகள் மதிக்கிறது என்2வை, என்3 நுழைவாயில் மட்டும்.

அரபியா? வகுப்புல படிக்கிற ஃபுஸ்ஹா (எழுத்துக்கான பொது அரபி) வேற, வளைகுடாவுல கடைத்தெருவில பேசுறது வேற. ஆவணங்கள் ஃபுஸ்ஹாவில இருக்கிறதால, அலுவலக மொழிபெயர்ப்புக்குத்தான் அது கைகொடுக்கும்.

வேளிமலை
நன்றி. அப்போ பி.காம்.மோட ஜெர்மன். வகுப்புக்கும் தேர்வுக்கும் எங்க போகணும்? இங்க ஒரு இடத்துல "பி1 பாஸ், விசா கேரண்டி"ன்னு ஒரு லட்சத்துக்கு மேல கேக்காவ.

குளச்சல்காரன்
அந்தப் பணத்தைக் கொடுக்காதே. அந்த மாதிரி இடத்துல சொல்லித்தான் கொடுப்பாங்க, தேர்வை நடத்துறது வேற ஆளு. பாஸுக்கு யாரும் கேரண்டி தர முடியாது. வெளிநாட்டு வேலைக்கு அனுப்புற ஏஜென்சி அரசுல பதிவு செஞ்சிருக்கான்னு இ-மைக்ரேட்ங்கிற மத்திய அரசுத் தளத்துல பாரு. அவங்க வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும், அதுக்கு மேல இல்ல.

திருவனந்தபுரத்துல கோதே சென்ட்ரம்ங்கிற ஜெர்மன் மொழி மையம் இருக்கு. நாகர்கோவில்ல காலையில ரயில் ஏறினா வகுப்பு முடிச்சு சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம். தினமும் முடியாதுன்னா ஆன்லைன்ல படிச்சு, தேர்வுக்கு மட்டும் போ. கோதே பி2ல வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சுன்னு நாலு பகுதி, ஒவ்வொண்ணுலயும் 100க்கு 60 வேணும். ஒண்ணுல குறைஞ்சா அதை மட்டும் திரும்ப எழுதலாம். நாலையும் ஒரே நாள்ல எழுதணும்னு கட்டாயம் இல்ல. நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு இடிக்கிறது கேட்டல். சில பகுதி ஒரே தடவைதான் ஒலிக்கும். ஏ2 முடிஞ்சதுல இருந்தே தினமும் 20 நிமிஷம் ஜெர்மன் வானொலிச் செய்தி கேளு, எழுத்துப் பிரதியைப் பார்க்காம.