பெங்களூரிலிருந்து டெல்லிக்குப் பள்ளி பேண்டு: குளிரையும் பெரிய டிரம்மையும் எப்படிச் சமாளிப்பது?

அல்சூர் கணக்காசிரியர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூர்ப் பகுதியில் உள்ள ஒரு பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். எங்கள் மாணவியரின் பித்தளை வாத்தியக் குழு, குடியரசு நாளையொட்டி டெல்லி மேஜர் தியான் சந்த் தேசிய விளையாட்டரங்கில் நடக்கும் பள்ளி பேண்டு இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருக்கிறது. வழக்கமாக இந்தப் பொறுப்பைப் பார்த்துக்கொள்ளும் உடற்கல்வி ஆசிரியை மகப்பேறு விடுப்பில் இருப்பதால், சுருதிக்கும் தாளத்துக்கும் வித்தியாசம் தெரிந்த அளவே சங்கீதம் தெரிந்த என்னிடம் அது வந்து சேர்ந்திருக்கிறது.

மொத்தம் 28 மாணவியர். கார்னெட், டிராம்போன், யூஃபோனியம் ஆகிய ஊதுகருவிகள், சைடு டிரம், சிம்பல், ஒரு கிளாக்கன்ஸ்பீல், 28 அங்குலப் பெரிய டிரம் ஒன்று. வாரம் இரண்டு நாள் வரும் பேண்டு மாஸ்டர், "எல்லாம் சுருதி சேர்த்தாயிற்று, போய் வாசிக்க வேண்டியதுதான்" என்கிறார். அவர் அப்படிச் சொல்லும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இவ்வளவு வாத்தியங்களை ரயிலில் எப்படிக் கொண்டுபோவது, போட்டிக்கு எத்தனை நாள் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும், இங்கே சேர்த்த சுருதி அங்கே நிற்குமா என்பதை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற யூஃபோனியக்காரர்:

வணக்கம் ஐயா. பச்மடியில் உள்ள ராணுவ இசைப் பள்ளியில் பயின்று, பல ஆண்டுகள் படை பேண்டில் யூஃபோனியம் வாசித்தவன் என்ற முறையில் உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: நிற்காது.

நீங்கள் கணக்காசிரியர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால், காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் குறைகிறது. பெங்களூரில் 27 டிகிரி வெயிலில் சேர்த்த வாத்தியத்தை டெல்லியின் 8 டிகிரிக் காலையில் எடுத்தால், ஒலியின் வேகம் மூன்று விழுக்காட்டுக்குச் சற்று மேலாகக் குறைந்திருக்கும். அதாவது சுருதி அரைச் சுரத்தில் பாதியளவு இறங்கிவிடும். பிள்ளைகளின் மூச்சுச்சூடு குழாய்க்குள் ஏற ஏற இது ஓரளவு சரியாகும் என்பது உண்மைதான். ஆனால் சிறிய கார்னெட் சீக்கிரம் சூடாகும், நீளக் குழாய் உள்ள யூஃபோனியம் மெதுவாகத்தான் சூடாகும். ஆகவே எல்லாம் ஒன்றாக இறங்கினாலாவது பரவாயில்லை என்று நினைக்கவும் வழியில்லாமல், ஆளுக்கொரு அளவில் இறங்கி நிற்கும்.

இவற்றுக்கு நடுவே கிளாக்கன்ஸ்பீல் இருக்கிறதே, அதுதான் காட்டிக்கொடுக்கும். அது உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிப்பது என்பதால் குளிரில் அதன் சுருதி ஏறக்குறைய அப்படியே இருக்கும். பித்தளை இறங்கி அது மட்டும் இறங்காமல் நிற்கும்போது, தப்பு அந்தப் பிள்ளையின் மேல் என்று எல்லோரும் நினைப்பார்கள்.

உங்கள் பேண்டு மாஸ்டரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: பெங்களூரில் சுருதி சேர்த்த பிறகு ஒவ்வொரு வாத்தியத்தின் சுருதிக் குழாயும் எவ்வளவு வெளியே இழுக்கப்பட்டிருக்கிறது? குளிரில் சுருதியை ஏற்ற அந்தக் குழாயை உள்ளே தள்ள வேண்டும். ஏற்கெனவே முழுவதும் உள்ளே இருக்கும் வாத்தியத்துக்கு டெல்லியில் தள்ள இடம் இருக்காது. மைதானத்தில் முறை வரும்வரை ஊதுவாயைக் கழற்றி உள்ளங்கையிலோ சட்டைக்குள்ளோ வைத்திருக்கச் சொல்லுங்கள். வாசிக்காத நேரத்திலும் வாத்தியத்துக்குள் சத்தமில்லாமல் மூச்சை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்தது மூன்று நாள் முன்னதாகப் போய், தினமும் காலையில் வெட்டவெளியில் ஒத்திகை பாருங்கள்.

ஜெயநகர் பெற்றோர்:

மூன்று நாள் என்று ஐயா சொல்வதை ராணுவத்தில் செய்யலாம். இந்தக் குழுவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால், ஜனவரியில் திருப்புதல் தேர்வை விட்டுவிட்டு எத்தனை நாள் வெளியூரில் இருக்க முடியும் என்பதையும் பார்க்க வேண்டும். என் மகள் வேறொரு பள்ளியின் பைப் பேண்டில் இருந்தபோது பெற்றோர் சார்பில் கூடவே போனவள் நான். முழுதாக ஒரு நாள் கையிருப்பு இருந்தால் போதும் என்பது என் கருத்து. ஆனால் அந்த நாளை மூடுபனிக்கென்று தனியாகக் கணக்கிடுங்கள். கர்நாடகா எக்ஸ்பிரஸ் ஆனாலும் ராஜதானி ஆனாலும் வண்டியில் இரண்டு இரவு உண்டு. இரண்டாம் இரவுக்கு மேல் வண்டி பனிக்குள் நுழைந்துவிட்டால் எப்போது போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சீட்டு விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். 2024 நவம்பர் முதல் 60 நாள் முன்னதாகத்தான் முன்பதிவு செய்ய முடியும். ஒரு படிவத்தில் 6 பேருக்கு மேல் எழுத முடியாது என்பதால், தலைமையாசிரியர் கடிதத்தோடு குழு முன்பதிவுக்கு ரயில்வே அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

பெரிய டிரம்தான் எங்களைப் படுத்தியது. மூன்றடுக்கு ஏசியில் பெட்டி 55 x 45 x 22.5 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மற்ற பெட்டிகளில்கூட 100 x 60 x 25தான். 28 அங்குலம் என்றால் 71 சென்டிமீட்டர், எப்படித் திருப்பினாலும் அடங்காது. அதை பிரேக் வேனில், அதாவது வண்டியோடு வரும் சரக்குப் பெட்டியில்தான் ஏற்ற வேண்டும். அப்போது "பார்சல்" என்று எழுதாமல், உங்கள் பயணச்சீட்டைக் காட்டி "லக்கேஜ்" என்று பதிவு செய்யுங்கள், அதுதான் நீங்கள் போகும் வண்டியிலேயே வர வேண்டியது. நாங்கள் இந்த வித்தியாசம் தெரியாமல் பார்சலாகப் போட்டுவிட்டு, டெல்லியில் இறங்கி ஒன்றரை நாள் டிரம் இல்லாமல் ஒத்திகை பார்த்தோம். டிரம் வாசிக்கும் பெண் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். இன்னொன்று, போர்வைக்குள் சுற்றிய டிராம்போன் பெட்டியை யாரோ தலையணை என்று நினைத்துச் சாய்ந்துவிட்டார்கள். சுரம் மாற்ற நீட்டி மடக்கும் அதன் ஓடுகுழாயில் விழுந்த சின்ன நெளிவு கண்ணுக்கே தெரியவில்லை, ஆனால் ஐந்தாம் நிலைக்குமேல் குழாய் நகரவில்லை.

ஆர்.கே.புரம்வாசி:

டெல்லியில் இருப்பவன் என்ற முறையில் இரண்டு செய்திகள். நெளிவு எடுக்க, வால்வு மாற்ற என்று வாத்தியப் பழுது ஏதும் வந்தால் 70 கிலோமீட்டர் தள்ளி மீரட்டில் ஜலி கோட்டி என்ற பகுதி இருக்கிறது. பேண்டு வாத்தியங்கள் செய்யும் பட்டறைகள் நிறைந்த தெரு அது, காலையில் கொண்டுபோனால் பெரும்பாலும் மாலைக்குள் திரும்பிவிடலாம்.

மற்றது, பிள்ளைகளின் உடை. சீருடைக்கு உள்ளே உடம்போடு ஒட்டிய வெப்ப உள்ளாடை இரண்டு ஜோடி வேண்டும், மேலே ஸ்வெட்டர் போட்டால் பட்டையும் பொத்தானும் சேராது. அதை இப்போதே போட்டுச் சீருடை சேருகிறதா என்று பாருங்கள். கையுறை விரல் நுனி வெட்டியதாக இருக்கட்டும். முழுக் கையுறையோடு வால்வை அழுத்திப் பழகாத பிள்ளை அன்றைக்குப் பழக முடியாது.

அல்சூர் கணக்காசிரியர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று மாலை பேண்டு மாஸ்டரை உட்காரவைத்து ஒவ்வொரு வாத்தியத்தின் சுருதிக் குழாயையும் அளவுகோல் வைத்து அளந்தோம். மூன்று கார்னெட்டுகளில் குழாய் முழுவதும் உள்ளே இருக்கிறது. அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, தொடக்க மெட்டில் தனியாக வரும் கிளாக்கன்ஸ்பீல் பகுதியைக் கார்னெட்டுக்கு மாற்றிவிடலாமா என்று அவரே கேட்டார். நாளை முதல் ஒத்திகை மாலையில் இல்லை, காலை ஆறு மணிக்கு. இரண்டு நாள் முன்னதாகப் போவது என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், லக்கேஜ் என்ற சொல்லுக்கு அடியில் கோடிட்டு.